நல்லாயிருக்கு, எனிட்

இங்கிலாந்துக்காரர்களான எங்கள் சாப்பாட்டில் ருசி இல்லை என்று உலகமே சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும். ஒருமுறை போர்ச்சுகல் கப்பலிலிருந்து இறங்கி வந்த ஒருவன், மீன் கடையில் பட்டாணி மசியலை ஒரு வாய் வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம், "இதுல என்ன போட்டிருக்காங்க?" என்று கேட்டான். "பட்டாணி போட்டிருக்காங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

எங்கள் வழக்கம் வேறு. சமைப்பவள் வேகவைத்துத் தட்டில் வைத்துவிடுவாள். அதோடு அவள் வேலை முடிந்தது. உப்பு, மிளகுத்தூள், வினிகர், கடுகு விழுது எல்லாம் மேசையில் இருக்கும். அவரவர் நாக்குக்கு அவரவர் பொறுப்பு. அடுத்தவர் வாய்க்கு எவ்வளவு உப்பு வேண்டும் என்று தீர்மானிக்கச் சமையல்காரி யார்? இது மரியாதை, ருசிகெட்டத்தனம் இல்லை என்று நான் பல பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். 1987 மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்குப் பிறகு நிற்பதில்லை.

கிரிம்ஸ்பி என்ற எங்கள் மீன்பிடி ஊரில், மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் வெள்ளிதோறும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு. முப்பது பேர் வருவார்கள். சமையல் எனிட். வேனில் ஆட்களை ஏற்றி வருவதும், சாப்பிட்ட பிறகு தட்டுக் கழுவுவதும் நான். எனிட்டின் கணவர் சிரில், மீன் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்தவர். அவருக்கு அதற்கு முந்தைய டிசம்பரில் வயிற்றுப்புண் முற்றி, இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். இன்னொரு தடவை வயிறு புரட்டினால் தாங்காது என்று டாக்டர் எனிட்டிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

எனிட்டுக்கும் ஒரு குறை உண்டு. இரண்டு வருடம் முன்னால் பிப்ரவரியில் வந்த ஒரு காய்ச்சல் அவள் மூக்கையும் நாக்கையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மணம் தெரியாது, ருசி தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்? ஒரு வாரம் குழம்பில் உப்பே இருக்காது, அடுத்த வாரம் கடல் தண்ணீரையே ஊற்றியதுபோல் இருக்கும். அடிப்பிடித்த கஸ்டர்டைச் சிரித்த முகத்தோடு பரிமாறுவாள். ஆறே வாரத்தில் கூடம் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

வேறு எந்த நாடாக இருந்தாலும் இரண்டாம் நாளே யாராவது கரண்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் கைப்பையில் சாஸ் பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஹொரேஸ் என்ற பழைய கப்பல் தலைவர், ஐஸ்லாந்து கடலில் முப்பது வருடம் மீன் பிடித்தவர், ஊறுகாய் வெங்காய ஜாடியையே கோட்டுப் பையில் வைத்து எடுத்து வருவார். எனிட் பரிமாறும் ஜன்னலில் நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்பாள். முப்பது பேரும் ஒரே குரலில், "நல்லாயிருக்கு, எனிட்," என்பார்கள். நானும்தான் சொன்னேன். எனக்கு மட்டும் தனி நாக்கா?

அந்த வெள்ளிக்கிழமை உள்ளூர் ரேடியோவிலிருந்து ரோசலிண்ட் என்ற பெண் வருவதாக இருந்தது. நம் நாட்டுச் சாப்பாடு உண்மையிலேயே சப்பென்றுதான் இருக்கிறதா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்கிறாளாம். எனிட்டுக்குத் தலைகால் புரியவில்லை. எப்போதும் வெள்ளிக் காலையில் மீன் வாங்குகிறவள், ஒன்றும் குறைந்துவிடக்கூடாது என்று புதன்கிழமையே ஹேடாக் மீன் வாங்கிக் கூடத்து ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டாள்.

புதன் மாலை அங்கே சீட்டாட்டம். ஆடியவர்களில் யாரோ டீ பாய்லரை மாட்டுவதற்காக ஃபிரிஜ்ஜின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். திருப்பி மாட்டவில்லை. வெள்ளிக் காலையில் கூட்டிப் பெருக்க வந்தவர் பார்த்துவிட்டு மாட்டியிருக்கிறார். மாட்டியவர் எனிட்டிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சீட்டாட்டக்காரர்களைக் காட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடுமே என்று சொல்லவில்லை. இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கடைசி நடை ஆட்களை இறக்கிவிட்டு, வேனை நிறுத்தி, நான் கூடத்துக்குள் நுழைந்தபோது பன்னிரண்டரை. கதவைத் திறந்ததும் மூக்கில் அடித்தது. என் அம்மா மீன் வெட்டியவள். அவளுடைய அம்மாவும் அப்படித்தான். இந்த ஊரில் அந்த நாற்றத்தை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண் எரிந்தது.

உள்ளே முப்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் வெள்ளைக் குழம்பில் வெந்த ஹேடாக், அதை மூடி மசித்த உருளைக்கிழங்கு. கரண்டிகள் நகர்ந்தன, வாய்கள் அசைந்தன. கொஞ்சம் உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அநேகமாக யாரும் எதையும் விழுங்கவில்லை. மியூரியல் நாற்பது வருடம் ஹேடாக் வெட்டியவள். அவள் உருளைக்கிழங்கில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஹொரேஸ் மீன் துண்டைக் கைக்குட்டையில் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் தள்ளினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, இங்கே தட்டுக்குத் தட்டு அதுதான் நடந்தது.

ரோசலிண்ட் மைக்கை ஹொரேஸ் முன்னால் நீட்டினாள். "சாப்பாடு எப்படிங்க இருக்கு?"

"இதமா இருக்கும்மா," என்றார் ஹொரேஸ். "நம்ம ஊரு சாப்பாடு. வம்பு தும்புக்குப் போகாது."

"மத்த நாட்டுக்காரங்க ருசியே இல்லைங்கறாங்களே?"

"அவங்களுக்கு நாக்குல பொறுமை இல்லம்மா."

சிரித்தார்கள். ரோசலிண்டின் தட்டிலும் ஒரு வாய் குறைந்திருந்தது. அவள் கண் கலங்கியிருந்தது. அவளும் எங்கள் சாதிதான். "எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு," என்று மைக்கில் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

எனிட் ஜன்னலில் நின்றிருந்தாள். முகம் பூரித்திருந்தது. அவள் கண் எல்லோரையும் சுற்றிவிட்டு ஒரே இடத்தில் வந்து நின்றது. ஜன்னலுக்கு நேர் எதிரே சிரிலின் நாற்காலி. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்க்க அவளே போட்ட இடம். சிரிலால் கைக்குட்டை வேலை காட்ட முடியாது, ஏர் ஓட்டவும் முடியாது. தட்டு முழுக்க வினிகர் ஊற்றி, மேலே கடுகு விழுதை அப்பி, ஒவ்வொரு வாயாக நிஜமாகவே தின்றுகொண்டிருந்தார். பாதி காலி.

 போய் அவர் பக்கத்தில் குனிந்தேன்.

"சிரில், நிறுத்துங்க."

"என்ன கண்ணு?"

"மீன் கெட்டுப்போயிருக்கு."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை எடுத்தார்.

"உங்க வயிறு என்ன நிலைமைல இருக்குன்னு மறந்துட்டீங்களா?"

"அவ பாத்துட்டிருக்கா, நோரீன். அந்தப் பக்கம் தள்ளி நில்லு."

"பாக்கட்டுமே."

"ரேடியோவெல்லாம் வந்திருக்கு. இன்னைக்கு ஒரு நாள். அந்தப் பொண்ணு போனப்புறம் பாத்துக்கலாம்."

தட்டை இழுத்தேன். அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் பெட்டி சுமந்த கை, அசையவில்லை. அவர் மெல்லுவதையும் விழுங்குவதையும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்த மனிதர் விஷத்தைத் தின்கிறார் என்று தெரிந்தும், எனிட்டின் முகம் வாடிவிடுமே, ரேடியோவில் வந்துவிடுமே, எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்களே என்று மூன்று வாய் நேரம் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன்.

நான்காவது வாய்க்கு அவர் கரண்டியைத் தூக்கியபோது அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது.

"எல்லாரும் சாப்பிடறத நிறுத்துங்க," என்றேன். என் குரல் எனக்கே அதிகப்படியாகக் கேட்டது. "மீன் கெட்டுப்போச்சு. யாரும் தொடாதீங்க."

கரண்டிச் சத்தம் நின்றது. இனி ஆளாளுக்குத் தட்டைத் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஆட்களோடு ஐம்பது வருடம் வாழ்ந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"அப்படி ஒண்ணும் தெரியலையே," என்றாள் மியூரியல், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"எனக்குச் சரியாத்தான் இருக்கு," என்றார் ஹொரேஸ். "நோரீனுக்குச் சளி பிடிச்சிருக்கும்."

"வேன்ல பெட்ரோல் வாடை அடிச்சிருக்கும்," என்றது இன்னொரு குரல்.

"பாவம் எனிட். காலைலேர்ந்து நிக்கறா," என்றது மற்றொன்று.

அத்தனை பேரும் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். அதுவும் எப்படி? ஒருவர் குரலும் உயரவில்லை. எனக்காகப் பரிதாபப்படுவதுபோல் சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, ஹொரேஸின் கோட்டுப் பையைப் பிடித்துத் தலைகீழாக உதறலாமா என்றிருந்தது.

எனிட் அடுப்படிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடி துடைத்தாள்.

"என்ன சொல்ற, நோரீன்?"

"மீன் கெட்டுப்போச்சு, எனிட். எப்படின்னு எனக்குத் தெரியாது. கதவுகிட்டயே நாறுது."

"மியூரியல் சரியா இருக்குங்கறா. நாப்பது வருஷம் மீன் வெட்டினவ. நீ வேன் ஓட்டறவ."

"அவ தட்டைப் பாரு."

எனிட் பார்த்தாள். மியூரியலின் தட்டில் உருளைக்கிழங்கு உழுது கிடந்தது, மீன் முழுசாக இருந்தது. அடுத்த தட்டைப் பார்த்தாள், அதற்கு அடுத்ததைப் பார்த்தாள். மேசை மேசையாக நடந்தாள். யாரும் தலையைத் தூக்கவில்லை. ரோசலிண்டின் தோளில் தொங்கிய ரெக்கார்டரில் டேப் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் எனிட் சிரிலிடம் வந்தாள். அந்தக் கூடத்தில் காலியாகிக்கொண்டிருந்த தட்டு அது ஒன்றுதான்.

"சிரில் சாப்பிட்டிருக்கான்," என்றாள். "கெட்டுப்போனத சிரில் சாப்பிடுவானா?"

 எனிட் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கினாள்.

"நானே பாத்துக்கறேன்," என்றாள்.

தட்டிலிருந்து பெரிய துண்டாக அள்ளினாள். அவளால் பார்த்துக்கொள்ள முடியாது என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியாது. வாயில் போட்டால் மென்று விழுங்குவாள், நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டு இன்னொரு துண்டும் எடுப்பாள். கரண்டி மேலே போயிற்று. நான் என் பங்கைப் பேசியாயிற்று. மற்றவர்களைப் பார்த்தேன். மியூரியல் கரண்டியை உருளைக்கிழங்கில் இன்னும் ஆழமாக அழுத்தினாள். ஹொரேஸ் பனிப்பாறைகளுக்கு நடுவே கப்பல் ஓட்டியவர், மேசைவிரிப்பின் பூவை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வேணாம் எனிட்," என்றார் சிரில். "கீழ வை."

அவள் கரண்டியை அந்தரத்திலேயே பிடித்திருந்தாள்.

"கெட்டுப்போச்சா?"

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத வாயிலயே."

"அப்புறம் ஏன் தின்ன?"

சிரில் மேசையைப் பார்த்தார். "நீ பாத்துட்டிருந்த," என்றார்.

கரண்டி தட்டில் விழுந்தது. எனிட் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். "எனக்கு மணம் தெரியாதுன்னு எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

 

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..." என்று மியூரியல் ஆரம்பித்தாள்.

"போன வாரக் குழம்பு?"

"உப்பு இல்ல, எனிட்."

"கிறிஸ்துமஸ் கஸ்டர்டு?"

"அதுல இருந்துச்சு," என்றார் ஹொரேஸ். யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"வாராவாரம் ஜன்னல்ல நின்னு கேட்டேனே," என்றாள் எனிட். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "எனக்குத் தெரியாததாலதானே கேட்டேன். நீங்க பாராட்டணும்னா கேட்டேன்? உங்க நாக்கை நம்பித்தான் ரெண்டு வருஷமா சமைச்சேன். உப்பு கம்மின்னு ஒருத்தர் சொல்லியிருந்தா கரண்டிக் கணக்குல அளந்து போட்டிருப்பேன். மீனை மோந்து பாருடின்னு மியூரியல கூப்பிட்டிருப்பேன். அதைக் கேட்டா செத்தா போயிருப்பேன்?"

எங்கள் ஊரில் 'எப்படி இருக்கு?' என்பது கேள்வியே கிடையாது. வணக்கம் சொல்வதுபோல் ஒரு சடங்கு. இங்கிலாந்திலேயே அதை நிஜமான கேள்வியாகக் கேட்ட ஒரே ஒருத்திக்கு முப்பது பேரும் சடங்காகவே பதில் சொல்லிவந்திருக்கிறோம். அவள் பெருமைக்காகக் கேட்கிறாள் என்று நான் எத்தனை நாள் மனதுக்குள் கேலி செய்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது.

அழ நேரம் இருக்கவில்லை. சிரில் எழுந்து கழிவறைப் பக்கம் நாலு அடி வைத்து, சுவரில் சாய்ந்து, அப்படியே வாந்தி எடுத்தார். நிற்காமல் எடுத்தார். கடைசியில் ஒரு தடவை குமட்டியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்துவிட்டது. நானும் ஹொரேஸும் தூக்கி வேனில் ஏற்றினோம். எனிட் ஏப்ரனோடு ஏறிக்கொண்டாள். வழியில் மூன்று சிவப்பு விளக்கு. ஒவ்வொன்றிலும் எனிட், "நிக்காத, நோரீன்," என்றாள். இரண்டில் நான் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கூட்டம். கை உடைந்த பையன், தலையில் கட்டோடு ஒரு குடிகாரன், இருமும் குழந்தைகள். சின்ன வயது நர்ஸ் ஒருத்தி அட்டையும் பேனாவுமாக வந்தாள்.

"வலி எந்த அளவுக்கு இருக்குங்க?"

சிரில் நாற்காலியில் பாதியாக மடிந்திருந்தார். உதட்டில் நிறமே இல்லை. "பரவால்ல சிஸ்டர்," என்றார். "லேசா ஒரு பிடிப்பு. மத்தவங்கள மொதல்ல பாருங்க."

நர்ஸ் 'லேசான வலி' என்று எழுதினாள். "கொஞ்சம் உக்காருங்க. ரெண்டு மணி நேரம் ஆகலாம்."

"அதை அடி," என்றாள் எனிட். "இந்த ஆளு லேசாங்கறான்னா உயிர் போகுதுன்னு அர்த்தம். டிசம்பர்ல பாதி வயித்தை எடுத்திருக்காங்க. வாந்தி எடுத்ததுல வயித்துக்குள்ள ஏதோ பிஞ்சிருக்கு. எழுதிக்கோ."

"வலின்னா நோயாளி வாயால சொல்றதைத்தாம்மா எழுதணும்," என்றாள் நர்ஸ். அவள் மேல் தப்பில்லை, விதி அப்படி. "அவரு லேசாங்கறாரே."

"விடு எனிட்," என்று சிரில் முனகினார். "அவங்களுக்கு வேலை கிடக்கு. எல்லாரும் பாக்கறாங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். குடிகாரன்கூடப் பார்த்தான். எனிட் அந்தத் தரையில் அவர் முன்னால் மண்டியிட்டாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். என்னால் அங்கே பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"எனக்கு வாடை தெரியாது," என்றாள். "ருசி தெரியாது. உனக்கு வலிக்குதான்னு உன் மூஞ்சியைப் பாத்து எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல சிரில், நாப்பத்தோரு வருஷமா நீ அப்படித்தான் மூஞ்சிய வச்சிருக்க. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். சொல்லு."

சிரில் நர்ஸைப் பார்த்தார். எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"தாங்க முடியல, எனிட்," என்றார். "செத்துருவேன் போலிருக்கு."

நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, தள்ளுவண்டிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். எனிட் எழுந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்து, "சரி, இப்பச் சொன்னியே, அது போதும்," என்றாள்.